ஸ்மித்துக்குப் பெயர் வைத்தது யார்?

கிரிக்கெட் கமென்ட்ரியில் வரும் பெயர்களை மட்டும் தமிழில் மாற்றினால் எப்படி இருக்கும்? "வில்லாளி ஓடி வந்து பந்து வீசுகிறார், சமையல்காரர் ஓங்கி அடிக்கிறார், பந்து நேராக எழுத்தரிடம் போகிறது, எழுத்தர் கொல்லரிடம் எறிகிறார், கொல்லர் கோட்டை விட்டுவிட்டார், பின்னாலேயே ஓடுகிறார் தையல்காரர்!" ஜோஃப்ரா ஆர்ச்சர், அலஸ்டர் குக், மைக்கேல் கிளார்க், ஸ்டீவ் ஸ்மித், ராஸ் டெய்லர். மூன்று நாட்டு ஆட்டக்காரர்களை ஒரே மைதானத்தில் இறக்கியது தப்புதான், மன்னித்துவிடுங்கள். பெவிலியனில் உட்கார்ந்திருக்கும் கோச் டங்கன் ஃப்ளெட்சர் அம்பு செய்பவர். ஹாரி பாட்டர் குயவர். அவன் தோழி ஹெர்மாயினி கிரேஞ்சர், களஞ்சியத்தோடு கூடிய பண்ணையைக் கவனிக்கும் காரியக்காரர்.

இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஆங்கிலேயர்களுக்கே இந்தச் சிரிப்பு வருவதில்லை. 'மிஸ்டர் குக்' என்று கூப்பிடும்போது சமையல் யாருக்கும் ஞாபகம் வராது. அந்தப் பெயர்களுக்குள் அர்த்தம் இருந்தது, பிறகு செத்துப்போனது, பெயர் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது. இன்று குடும்பப்பெயர் என்றால் பரம்பரை, பெருமை, கௌரவம் என்றெல்லாம் பேசுகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை தங்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக்காரனும், வரி வசூலிக்க வந்த குமாஸ்தாவும் சேர்ந்து ஒட்டிவிட்டுப் போன சீட்டு அது.

1066க்கு முந்தைய இங்கிலாந்தில் சாதாரண ஆளுக்கு ஒரே ஒரு பெயர். காட்வின், எட்ரிக், வுல்ஃப்ஸ்டன் என்று விதவிதமான பெயர்கள் இருந்ததால் குழப்பமும் குறைவு. தேவைப்பட்டால் 'கறுப்பு இன்னார்', 'இன்னார் மகன் இன்னார்' என்று பட்டப்பெயர் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆள் செத்தால் பட்டப்பெயரும் கூடவே போய்விடும். 1066இல் நார்மண்டியின் வில்லியம் படையெடுத்து வந்து அரசனானான். கூட வந்த பிரபுக்களுக்கு நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தான். 1086இல் யாரிடம் எவ்வளவு நிலம் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்த டோம்ஸ்டே புத்தகத்தைப் பார்த்தால், இந்தப் பிரபுக்கள் பலர் பிரான்சில் தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரோடு நிற்கிறார்கள். மார்ட்டிமர், மாண்ட்கோமரி, பெர்சி எல்லாம் நார்மண்டியில் இருக்கும் ஊர்கள். அப்பனின் நிலம் மகனுக்குப் போக வேண்டும், அதற்கு அப்பனின் பெயரும் கூடவே போனால் வசதி. பரம்பரைப் பெயர் என்ற வழக்கம் இங்கிலாந்தில் வேர்விட்டது இப்படித்தான். பத்திரத்துக்காக வந்த பெயர்.

நிலமே இல்லாத குடியானவனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவனுக்கு வந்தது வேறு சிக்கல். ஆட்சி மாறியதும் பெயர் ஃபேஷனும் மாறியது. பழைய ஆங்கிலப் பெயர்களை வைத்தால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்னவோ, இரண்டு மூன்று தலைமுறைக்குள் எல்லோரும் புது எசமானர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான், தாமஸ். பதினான்காம் நூற்றாண்டுக்குள் எந்த ஊரில் போய்க் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு ஜான் மேல் விழும் என்ற நிலைமை. ஒரே தெருவில் ஐந்து ஜான் இருந்தால் என்ன செய்வது? உலை வைத்திருக்கும் ஜான், குன்றின் மேல் இருக்கும் ஜான், ராபின் மகன் ஜான், குட்டை ஜான், சட்டனில் இருந்து வந்த ஜான். ஸ்மித், ஹில், ராபின்சன், ஷார்ட், சட்டன். அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் பெரும்பகுதி இந்த ஐந்து ஜான்களுக்குள் அடங்கிவிடும்.

வாயில் புழங்கிய வரை இது ஊர்ப் பேச்சு. பேனாவுக்குள் போனதும்தான் கெட்டியானது. அந்தப் பேனாவைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் வரி குமாஸ்தா. 1377, 1379, 1381 என்று நான்கைந்து வருடத்துக்குள் மூன்று முறை தலைவரி போட்டார்கள். பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போருக்குப் பணம் வேண்டும். 1377இல் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் 4 பென்னி. 1381 வரியில் அது 12 பென்னி ஆனது. ஒவ்வொரு ஊரிலும் தலைகளை எண்ணி எழுதிய அந்தப் பட்டியல்கள்தாம் இன்று குடும்பப்பெயர் ஆராய்ச்சியாளர்களுக்குப் புதையல். அதில் ஒரு வேடிக்கை. 1377 பட்டியலில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். 1381இல் 9 லட்சத்துக்கும் கீழே. நான்கு வருடத்தில் நான்கரை லட்சம் பேர் காணோம்! கொள்ளைநோய் எதுவும் அதை விளக்கவில்லை. ஆட்கள் ஊரிலேயேதான் இருந்தார்கள். பெயர்தான் பட்டியலுக்கு வரவில்லை. விதவைத் தாயையும் கல்யாணமாகாத தங்கையையும் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். எழுதப்பட்ட பெயர் என்றால் என்ன என்று அந்த ஜனங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

கமிஷனர்கள் திரும்ப எண்ண வந்தார்கள். 1381 கோடையில் கலகம் வெடித்தது. கென்ட்டில் இருந்து கிளம்பிய கூட்டத்தின் தலைவன் பெயர் வாட் டைலர். வாட் என்பது வால்டரின் செல்லப்பெயர். டைலர் என்றால் ஓடு வேய்பவன். சரித்திரத்தில் நிற்கும் ஒரு பெரிய கலகக்காரனுக்கு மிஞ்சியது 'ஓடு வேயும் வால்டர்' என்ற விலாசம் மட்டும்தான். ஜூன் 15ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில் அரசன் முன்னிலையில் பேசிக்கொண்டிருந்தபோது லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த் அவனைக் கத்தியால் தாக்கினார், அன்றே அவன் கதை முடிந்தது. (ஸ்மித்ஃபீல்டில் கொல்லன் யாரும் இல்லை. 'ஸ்மூத் ஃபீல்ட்', சமமான வயல்வெளி என்பதுதான் மருவி அப்படி ஆனது. பெயரைப் பார்த்து அர்த்தம் சொல்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம்.)

இன்னொரு தற்செயலையும் சொல்லாமல் விட முடியாது. 600 வருடம் கழித்து, 1990இல், பிரிட்டனில் மறுபடி தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி. ஜனங்கள் அதற்கு வைத்த பெயரும் 'போல் டாக்ஸ்', தலைவரிதான். மார்ச் 31ஆம் தேதி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய கலவரம். அதே வருடம் நவம்பரில் பிரதமர் பதவி விலகினார். அவர் பெயர் தாட்சர். அதாவது வைக்கோல் கூரை வேய்பவர். முதல் தலைவரியில் ஓடு வேய்பவன் போனான், அடுத்த தலைவரியில் கூரை வேய்பவர் போனார் :-) அதுவும் அவர் சொந்தப் பெயர் இல்லை. கணவர் டெனிஸின் பெயர். பிறந்தபோது அவர் மார்கரெட் ராபர்ட்ஸ்.

சரி, ஸ்மித்துக்கு வரலாம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இத்தனை ஸ்மித்கள் ஏன்? அந்தக் காலத்தில் நாட்டில் பாதிப் பேர் கொல்லர்களா? பாதிப் பேர் என்ன, முக்கால்வாசிப் பேர் உழவர்கள். ஆனால் ஊரில் எல்லோரும் உழும்போது 'உழவன் ஜான்' என்றால் அது யார் என்று தெரியாது. ஊருக்கு ஒரு கொல்லன்தான் இருப்பான். 'கொல்லன் ஜான்' என்றால் உடனே தெரிந்துவிடும். பெயர் அதிகமாகக் கிடைப்பது தொழில் அபூர்வமாக இருந்ததால். இன்று 'ஃபார்மர்' என்று ஒரு குடும்பப்பெயரைப் பார்த்து விவசாயி என்று நினைத்தால் அதுவும் தப்பு. அன்று ஃபார்மர் என்றால் இவ்வளவு தொகை கட்டுகிறேன் என்று குத்தகை பேசி, வரியையும் வாரத்தையும் வசூலித்துக்கொள்பவர். உழவனிடம் பிடுங்கியவர்!

துணிக்காரர்கள் கதை இதைவிட சுவாரசியம். நெய்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். நாற்றம் பிடித்த வேலை, ஏனென்றால் தொட்டியில் புளித்த மூத்திரமும் கலப்பார்கள். இந்த ஒரே வேலைக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர் என்று பெயர். ஆமாம், 'நடப்பவர்' என்று அர்த்தப்படும் அந்த வாக்கர், தொட்டிக்குள் நடந்தவர்தான். ஒரு டக்கரும் ஒரு வாக்கரும் இன்று சந்தித்துக் கைகுலுக்கினால், ஒரே தொழில்காரர்களின் வாரிசுகள் என்று இருவருக்குமே தெரிய வாய்ப்பில்லை.

பெண்கள் எங்கே? கவனித்துப் பார்த்தால் அவர்களும் இருக்கிறார்கள். பேக்கருக்குப் பெண்பால் பேக்ஸ்டர். ப்ரூவருக்கு ப்ரூஸ்டர், அதாவது பீர் காய்ச்சுபவள். நெய்பவளுக்கு வெப்ஸ்டர். சாயம் போடுபவளுக்கு டெக்ஸ்டர். அந்த 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. பின்னாளில், முக்கியமாக வடக்கே, ஆண்களுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டதால் ஒவ்வொரு வெப்ஸ்டருக்கும் பின்னால் ஒரு பாட்டி இருக்கிறாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சி விற்றதும் நூற்றதும் பெண்களே என்பதற்கு இந்தப் பெயர்கள் சாட்சி. அந்த வரிசையில் பெயராகாமல் பட்டமாக நின்றுபோனது 'ஸ்பின்ஸ்டர்'. நூல் நூற்றுப் பிழைத்தவள் என்று ஆரம்பித்து, கல்யாணமாகாதவள் என்று சட்ட ஆவணங்களில் உட்கார்ந்து, கடைசியில் ஏளனச் சொல்லாக முடிந்தது. இங்கிலாந்துத் திருமணப் பதிவேடுகளில் இருந்து அதை எடுத்தது 2005இல்தான்.

இன்னும் நேரடியாகவே அம்மா பெயரைத் தாங்கியவர்களும் உண்டு. மேரியில் இருந்து மேரியட், எம்மாவில் இருந்து எம்மெட், மட்டில்டாவைச் சுருக்கி டில்லட், அவள் மகன் டில்லட்சன். முறைதவறிப் பிறந்த பிள்ளைகள் என்று ஒரு காலத்தில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். விதவையாகிக் குடும்பத்தையும் நிலத்தையும் தானே நடத்தியவளின் பிள்ளையை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? அந்த ஊரில் ஆள் என்று தெரிந்தது அவள்தான்.

அப்பா பெயர்கள் ஏராளம், ஆனால் அவ்வளவு சுவாரசியம் இல்லை. ஒரு விளையாட்டு மட்டும் ரசிக்கத்தக்கது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு சலித்த ஜனங்கள் அதை எதுகை போட்டுச் செல்லமாக்கினார்கள். ரிச்சர்ட் ரிக் ஆனான், ரிக் ஹிக் ஆனான், டிக்கும் ஆனான். ராபர்ட் ராப், ஹாப், டாப். ஆகவே ரிக்ஸ், ஹிக்ஸ், டிக்சன் மூவருக்கும் தாத்தா ஒரு ரிச்சர்ட். ஹாப்ஸ், ராப்சன், டாப்சன் மூவருக்கும் ஒரு ராபர்ட்.

ஊர்ப்பெயர்களைத் தமிழ்ப்படுத்தினால் வேற்றூர் என்றே தோன்றாது. நியூட்டன் என்றால் புதூர். சட்டன் தெற்கூர், நார்ட்டன் வடக்கூர், டால்டன் பள்ளத்தூர். புவியீர்ப்பைச் சொன்னவர் புதூர் ஐசக், அணுக் கொள்கை சொன்னவர் பள்ளத்தூர் ஜான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி பெயரும் வடகிழக்கு இங்கிலாந்தில் டரம் பக்கம் இருக்கும் வாஷிங்டன் என்ற ஊரில் இருந்து வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஊர்ப்பெயர் அந்த ஊரிலேயே இருப்பவனுக்கு ஒட்டாது. நியூட்டனில் இருப்பவன் எல்லாம் நியூட்டன்காரன்தானே! பெட்டி படுக்கையோடு வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவனைத்தான் 'நியூட்டன் ஜான்' என்பார்கள். அப்படிப் பார்த்தால், ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராக வைத்திருப்பவர்கள் பலரும் தங்கள் மண்ணில் வேரூன்றியவர்கள் என்று பெருமைப்படுவது தலைகீழ். ஊரை விட்டு வந்ததுதான் அந்தப் பெயருக்கே காரணம்.

சிலர் ஊர்கூட இல்லை, மரத்தடி. ஆஷ் மரத்தருகே இருந்தவன் 'ஆட்டன் ஆஷ்'. வேகமாகச் சொல்லிச் சொல்லி 'ன்' மட்டும் ஆஷோடு ஒட்டிக்கொண்டு நாஷ் ஆகிவிட்டான். ஓக் மரத்தடிக்காரன் அதே மாதிரி நோக்ஸ்.

பட்டப்பெயர்களில்தான் ஊர் வாயின் குசும்பு தெரியும். டிரிங்க்வாட்டர் என்று ஒரு பெயர், தண்ணீர் குடிப்பவன். பீர் வாங்கக்கூடக் காசில்லாதவனா, இல்லை மிதமிஞ்சிய குடிகாரனைக் கிண்டல் செய்ததா? இரண்டும் நடந்திருக்கும். கிங், பிஷப், போப் என்று பெயர் உள்ளவர்கள் அரச வம்சமோ குருமார் வம்சமோ இல்லை. ஊர் நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவன், பிஷப் வீட்டில் வேலை பார்த்தவன், போப் மாதிரி பந்தா காட்டியவன். ப்ளேக் என்ற பெயர் இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் 'கறுப்பு' என்ற சொல்லும் 'வெளிறிய' என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்து, இரண்டும் ப்ளேக் ஆகிவிட்டன. ஆக ஒரு ப்ளேக்கின் மூதாதை கறுப்பா வெளுப்பா என்று பெயரை வைத்து யாரும் சொல்ல முடியாது.

ஷேக்ஸ்பியர் என்றால் ஈட்டியை ஆட்டுபவன். சண்டைக்காரனைச் சொன்னதாகவும் இருக்கலாம், ஆபாசக் கிண்டலாகவும் இருக்கலாம். 1487இல் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஹியூ ஷேக்ஸ்பியர் என்று ஒருவர் இருந்தார். அந்தப் பெயர் மட்டமானதாகக் கருதப்பட்டதால் சாண்டர்ஸ் என்று மாற்றிக்கொண்டார் என்று கல்லூரிப் பதிவேடு சொல்கிறது. நூறு வருடம் பொறுத்திருந்தால் விட்டிருக்க மாட்டார், பாவம்.

ஆனால் எல்லோருக்கும் ஹியூவின் வசதி இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் தெற்கிலும், அடுத்த நூறு வருடத்தில் வடக்கிலும் பெயர்கள் உறைந்துபோயின. கொல்லன் மகன் தச்சனானாலும் ஸ்மித்தான். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்கிறார்களே ஜெஃப்ரி சாசர், அந்தப் பெயருக்குக் கால்களுக்கான உறையும் காலணியும் செய்பவர் என்று பொருள். அவரோ சுங்க இலாகா அதிகாரி. அவர் அப்பா ஜான் சாசர் ஒயின் வியாபாரி. பஞ்சு நூற்கும் இயந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை வாங்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் பெயர் மரப்பெட்டி செய்பவர். அவர் அப்பா தையல்காரர், அவரோ சவரமும் விக் வியாபாரமும் செய்து மேலே வந்தவர்.

பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் அறுந்துவிட்டது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட நாளும் உண்டு. 1413இல் ஒரு சட்டம் வந்தது. வழக்குப் பத்திரங்களில் பிரதிவாதியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அவர் அந்தஸ்து அல்லது தொழில் என்ன, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தொழிலையும் ஊரையும் சொல்லத்தான் குடும்பப்பெயரே வந்தது! அது சொல்லுவதை நிறுத்தியதும் புதிதாக ஒரு கட்டம் போட வேண்டியதாயிற்று. 1538இல் தாமஸ் குரோம்வெல் உத்தரவுப்படி ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார்கள். அத்தோடு தப்பிக்க வழியே இல்லை.

வேல்ஸ் நாட்டுக்காரர்கள் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள். ரீஸின் மகன் ஓவன், ஓவனின் மகன் ஹவெல் என்று 'ஆப்' போட்டு அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை சங்கிலியாகச் சொல்லும் வழக்கம் அவர்களுடையது. 1536இல் வேல்ஸ் இங்கிலாந்தின் சட்டத்துக்குள் வந்தது. நீதிமன்றம் ஆங்கிலத்தில், பதிவேடு ஆங்கிலத்தில். சங்கிலி அறுந்து கடைசிக் கண்ணி மட்டும் மிஞ்சியது. ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆனார், ஆப் ஹவெல் பவல் ஆனார், ஆப் ஹியூ ப்யூ ஆனார். மற்றவர்களுக்கு ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ். ஜோன்ஸில் இருக்கும் 'ஜே' எழுத்து பழைய வேல்ஸ் மொழி நெடுங்கணக்கிலேயே கிடையாது, ஆனால் வேல்ஸில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் ஜோன்ஸ். எழுதுகிறவன் மொழியில்தான் பெயர் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இவ்வளவு தற்செயலில் பிறந்த ஒன்றை வைத்து இன்று ஒரு வியாபாரமே நடக்கிறது. 'உங்கள் குடும்பப்பெயரின் சின்னம்' என்று சிங்கமும் கேடயமும் அச்சிட்ட காபிக் கோப்பைகள் இணையத்தில் கிடைக்கின்றன. லண்டனில் 1484இல் இருந்து சின்னங்களைப் பதிவு செய்யும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் தெளிவாகவே சொல்கிறது: குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது, அது ஒரு தனி ஆளுக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது. ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தம் என்பதும் சும்மா. ஸ்மித்கள் ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே முளைத்தவர்கள். அபூர்வமான பெயர்களிலேயே கதை வேறு. சைக்ஸ் என்ற யார்க்‌ஷயர் பெயர் உள்ள ஆண்களை அதே பெயர் கொண்ட மரபியலாளர் பிரையன் சைக்ஸ் சோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஒரே மூதாதையைக் காட்டும் ஒய் குரோமோசோம் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இருந்தது. மற்றவர்கள் வீட்டில் 700 வருடத்தில் எங்கோ ஒரு தத்து, எங்கோ ஒரு ரகசியம்.

அதற்காகப் பெயர்கள் வெறும் சத்தம் என்று தள்ளிவிடவும் முடியாது. பொருளாதார அறிஞர்கள் கிரிகரி கிளார்க்கும் நீல் கம்மின்ஸும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பெயர்களை 1170இல் இருந்து துருவி 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1066இல் நிலம் வாங்கிய நார்மன் பெயர்கள் பல நூற்றாண்டு கழித்தும் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக அங்கே உட்கார்ந்திருக்கின்றன. கொல்லனுக்கு அவன் பெயர் எதையும் கொடுக்கவில்லை. பத்திரத்தோடு வந்த பெயர் இன்னும் கொஞ்சம் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பெயர் ஒட்டப்பட்டவர்களில் கொஞ்சம்கூட வாய் திறக்க முடியாதவர்கள் மூன்று கூட்டம். முதலாவது மனைவிமார். கல்யாணமானதும் சட்டப்படி கணவனுக்குள் கரைந்துபோகிறவளுக்குப் பெயரும் கரைந்தது. ஹெலனா நார்மன்டன் என்ற வழக்கறிஞர் கல்யாணத்துக்குப் பிறகும் தன் பெயரிலேயே 1924இல் பாஸ்போர்ட் வாங்கினார். பிரிட்டனில் மணமான பெண் ஒருவருக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல் தடவை. இரண்டாவது, 1739இல் லண்டனில் தொடங்கிய அநாதைக் குழந்தைகள் இல்லமான ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலில் விடப்பட்ட பிள்ளைகள். உள்ளே வந்ததும் தாய் வைத்த பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்பார்கள். தாய் திரும்பித் தேடி வந்தால் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவாள்?

மூன்றாவது கூட்டம் கடல் தாண்டி. மேற்கிந்தியத் தீவுகளின் அணியில் கிளைவ் லாயிட், மால்கம் மார்ஷல் என்று கூப்பிட்டுக் கைதட்டியவர்கள் கோடிப் பேர். லாயிட் வேல்ஸ் மொழியில் 'நரைத்தவர்'. மார்ஷல் ஆதியில் 'குதிரைக்காரர்'. நரைத்த வேல்ஸ்காரர் யாரோ, நார்மன் லாயத்தில் குதிரை தேய்த்தவர் யாரோ, அந்தப் பெயர்கள் கயானாவுக்கும் பார்படோஸுக்கும் போனது கரும்புத் தோட்ட முதலாளிகளோடும் மேற்பார்வையாளர்களோடும். அடிமைப்பட்டு வந்தவர்களின் ஆப்பிரிக்கப் பெயர்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. அமெரிக்காவில் மால்கம் லிட்டில் என்று பிறந்தவர் 1950களின் தொடக்கத்தில் அந்த 'லிட்டிலை' அடித்துவிட்டு 'எக்ஸ்' என்று போட்டுக்கொண்டார். தெரியாமலே போன ஆப்பிரிக்கக் குடும்பப்பெயருக்கு அது அடையாளம் என்றார். லிட்டில் என்பதும் இங்கிலாந்தில் ஒரு குட்டையான ஆளை ஊர் கேலி செய்த பட்டப்பெயர்தான்.

இப்படி நார்மன் பத்திரம், வரிப் பட்டியல், தேவாலயப் பதிவேடு என்று ஒரு நாட்டில் ஏதேதோ காரணத்தால் வந்த வழக்கம், இன்று உலகத்தில் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் நட்சத்திரக் குறி போட்ட கட்டாயக் கட்டம். ஐஸ்லாந்தில் இன்னும் பெரும்பாலோருக்கு அப்பா அல்லது அம்மா பெயர்தான் பின்னொட்டு, டெலிபோன் டைரக்டரியே முதல் பெயர் வரிசையில்தான் அச்சானது. தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு முடிந்துவிடும். சாதிப் பட்டத்தைப் பெயரில் இருந்து எடுத்துவிடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதன் பிறகு வந்த தலைமுறைகள் வேண்டாம் என்று தெரிந்தே விட்டுவந்த இடம் அந்தக் கட்டம். அதைக் காலியாக விட்டால் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்தை அச்சிட்டுத் தருகிறார்கள். அதையே வகுப்பில் பெயர் என்று நினைத்துக் கூப்பிடும் பேராசிரியர்களும் உண்டாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை உள்ளே விட முடியாது என்றே அறிவித்தது. அம்மா அப்பா வைத்த பெயர் முழுசாக இருக்கிறது, இருந்தும் பெயரில் குறை என்கிறார்கள். குறை படிவத்தில்.

அந்தக் கட்டம் இங்கிலாந்து ராஜாவுக்கே நெடுநாள் பொருந்தவில்லை. முதல் உலகப் போர் நடுவில் தன் வம்சப்பெயர் ஜெர்மன் பெயராக இருப்பது சங்கடமாகிவிட, 1917 ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் தன் கோட்டை இருக்கும் ஊரின் பெயரையே குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டார். விண்ட்சர். ஊர்க்காரர்கள் வைக்காமல், குமாஸ்தா எழுதாமல், தானே உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொண்டது. ராஜாவுக்கு அது முடிந்தது.

வேல்ஸில் இன்னும் ஒரு கூத்து மிச்சம். ஒரே கிராமத்தில் எல்லோரும் ஜோன்ஸ் ஆகிவிட்டால் என்ன செய்வது? பால் ஊற்றுபவர் 'ஜோன்ஸ் தி மில்க்', ரொட்டிக்கடைக்காரர் 'ஜோன்ஸ் தி பிரெட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நல்லவேளை, அந்தப் பக்கம் குமாஸ்தா யாரும் பேனாவோடு வரவில்லை.